ஐந்து மதிப்பெண் வினா

ஆடிக் காற்றுக்கு
எங்கள் பள்ளியில் கதவு கிடையாது.
பன்னிரண்டாம் வகுப்பு, வரலாற்றுப் பிரிவு, பதினேழு பேர்.
வருகைப் பதிவேட்டைத் திறந்தால்
தேரி மண் முதலில் ஆஜர்.
பிறகுதான் நாங்கள்.

வால் தெருவில் பங்குகள் சரிந்த கதையை
எமிமாள் டீச்சர்
சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்.
பல்லிடுக்கில் நறநறவென்று
அமெரிக்கா.

நகலெடுத்த தாளில் ஒரு படம்.
சன்னல் மட்டத்துக்கு மணல் ஏறிய வீடு,
முன்னால் சக்கரம் புதைந்த கார்.
ஓக்லஹோமா, முப்பதுகள் என்று கீழே.
"ஏல, இது நம்ம குட்டத்துத் தேரில்லா?
அந்தா தெரியுது பாரு, மைதீன் மாமா மாட்டுத்தொழு"
என்றான் சுவக்கின்.
சிரித்தோம்.
சிரித்த வாயிலும் மண்.

எனக்கு அந்தப் படத்தில்
ஒரு பனைகூட இல்லாதது உறுத்திக்கொண்டே இருந்தது.

விலை இல்லை என்று
பாலைச் சாலையில் ஊற்றினார்கள்.
மக்காச்சோளத்தை அடுப்பில் எரித்தார்கள்,
நிலக்கரியை விட மலிவாம்.
அதே நாட்களில் நகரத்தில்
ரொட்டிக்கு வரிசை, தெருமுனை தாண்டி.
"முக்கியமான கேள்வி, ஸ்டார் போட்டுக்கோங்க,
அஞ்சு மார்க்கு.
பசித்தவர் இருக்கையில் உணவை அழித்தது ஏன்?"

லிங்கக்கனி ஸ்டார் போடவில்லை.
முந்தின நாள்
திசையன்விளைச் சந்தையில் நின்றவள் அவள்.
முருங்கை கிலோ மூன்று ரூபாய்.
பறிகூலி இரண்டு.
கட்டுக்கூலி, ஆட்டோ வாடகை, கமிஷன் கழித்தால்
காய் கொடுத்தவர், அவள் அப்பா,
கடைக்காரருக்குப் பாக்கி.
மிச்சம் எட்டுக் கட்டு.
வருகிற வழியில் ஓடைக்குள் தள்ளிவிட்டார்களாம்.
"ஆடுகூட ரெண்டு வாய்க்கு மேல திங்கல" என்றாள்,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில்.

காலாண்டில் அந்தக் கேள்வி வந்தது.
நான் எழுதினேன்:
அளவு மீறிய உற்பத்தி. வாங்கும் திறன் குறைவு.
வங்கிகளின் வீழ்ச்சி. சுங்க வரி.
அடிக்கோடு ஸ்கேல் வைத்து.
ஐந்துக்கு ஐந்து.

அவள் எழுதியது மூன்றே வரி.
'பறிக்கிற கூலிக்குக் காணாது.
பறிக்காமல் விட்டால் மரம் கெட்டுப்போகும்.
வீட்டிலேயே கொட்டியிருக்கலாம்,
நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் ரோட்டில் கொட்டியிருப்பார்கள்.'

டீச்சர் ஒன்று போட்டு, அடித்து,
நான்கு போட்டு, அதையும் அடித்து,
கடைசியில் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்.
பேனா அங்கே ரொம்ப நேரம்
ஊன்றி நின்றிருக்க வேண்டும்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவள் வரவில்லை.
வள்ளியூரில் மும்பை ரயில் ஏறியாச்சு,
தாராவியில் சித்தப்பாவுக்கு இட்லி யாவாரம்,
மாவரைக்க ஆள் வேண்டுமாம்.
பதிவேட்டில் அவள் பெயர் மேல்
சிவப்பு மையில் நேர்கோடு.

ஓக்லஹோமாக்காரர்கள் மேற்கே போனார்கள்.
லாரியில் மெத்தை, மெத்தை மேல் பிள்ளைகள்,
பிள்ளைகள் மடியில் கோழி.
போன ஊரில் அவர்களுக்கு
ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்.
தாளில் அது இல்லை, டீச்சர் சொன்னது.
லிங்கக்கனியை அங்கே மதராசி என்கிறார்களாம்.
மதராஸை அவள்
கண்ணால் பார்த்ததில்லை.

அரையாண்டுக்கு
நிலவில் இறங்கியது வரை பாடம்.
அவள் தாள் என் நோட்டுக்குள்தான் இருக்கிறது.
பிரிக்கும்போதெல்லாம்
மடிப்பிலிருந்து கொஞ்சம் மண் உதிரும்.

நேற்று ராத்திரி வாட்சாப்பில் குரல் அனுப்பியிருந்தாள்.
பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம்.

"ஏட்டி, இங்க முருங்கக்கா என்ன வெல தெரியுமா?
கிலோ இல்லட்டி, ஒத்தக் காய்.
ஒத்தக் காய் பதினஞ்சு ரூவா.
எந்த ஊருக் காயின்னு கேட்டேன்.
தெரியாதுன்னுட்டான்.
மோந்து பாத்துட்டு வச்சிட்டேன்.

அந்த அஞ்சு மார்க்குக்கு
எனக்கு எவ்வளவு போட்டாங்க?"